மனமாற்றத்துக்கு எத்தனை மதிப்பெண்?

சிறையில் பாடம் எடுக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, பயமா இல்லையா. இல்லை. காலை ஏழரை மணிக்கு பாயான் லெப்பாஸ் பக்கம் மோட்டார் ஓட்டுவதைவிட அது பாதுகாப்பான காரியம். இரண்டாவது கேள்வியும் உடனே வந்துவிடும்: "திருந்திடுவானுங்களா?"

கேட்பவரைப் பொறுத்துத் தொனி மாறும். அம்மா நம்பிக்கையோடு கேட்பார். வேலையிடத்து நண்பர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கோயிலில் ஒரு பெரியவர், ஏதோ தீராத நோயைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டார். ஆனால் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். அங்கே என்ன பாடம் நடக்கிறது, அவர்களுக்குப் புரிகிறதா என்று கேட்டவர்களை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். வேறு எந்த மாணவனைப் பற்றியும் நாம் இப்படிக் கேட்பதில்லை. டியூஷன் ஆசிரியரைப் பார்த்து, உங்களிடம் வரும் பிள்ளைகள் நல்லவர்களாகிவிடுவார்களா என்று யாராவது கேட்கிறோமா? கணக்கு வருதா வரலையா, அவ்வளவுதான்.

எனக்கு அந்த இரண்டாவது கேள்வியோடுதான் பிரச்சனை. பதில் தெரியாதது ஒரு காரணம். அதைக் கேட்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது இன்னொரு காரணம்.

ஒன்றரை வருடமாக மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரு தன்னார்வக் குழுவோடு வடக்கில் உள்ள ஒரு சிறைக்குப் போகிறேன். வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லோரும் தண்டனை பெற்ற பெரியவர்கள். இளையவருக்கு இருபத்தாறு வயது, மூத்தவருக்கு அறுபதை நெருங்குகிறது. மூன்று பேர் எஸ்.பி.எம். கணக்குத் தாள் எழுதப் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கு மலாய் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும். இளம் குற்றவாளிகளுக்கு நம் நாட்டில் ஹென்றி கர்னி பள்ளிகள் இருக்கின்றன, சில சிறைகளுக்குள் இண்டக்ரிட்டி பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் எஸ்.பி.எம். முடிவு வரும்போது அவர்களின் படம் பத்திரிகையில் வரும். இன்னொரு முனையில், காஜாங் சிறையில் தொலைதூரக் கல்வி வழியாகப் பட்டம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர்கள். தமிழ்ப்பள்ளி ஆறு வருடம், புகுமுக வகுப்பு ஒரு வருடம், படிவம் ஒன்று, படிவம் இரண்டில் பாதி. பிறகு லோரி, கார் கழுவும் கடை, பாதுகாவலர் வேலை. நாட்டு மக்கள்தொகையில் நாம் 7 சதவீதத்துக்கும் குறைவு. சிறைக்குள் அந்தப் பங்கு ஏன் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது என்பதைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. என் வகுப்பில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வருகை, வாசிப்பு, கணக்கு, வகுப்பில் பங்கேற்பு. ஐந்தாவது பத்தியின் தலைப்பு 'பெருபாஹான் சிகாப்', அதாவது மனப்பான்மையில் மாற்றம். 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். ஒன்றை வட்டமிட வேண்டும். படிவத்தைத் தயாரித்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நிதி கொடுப்பவர்கள் கேட்கிறார்கள், அவர்களும் கேட்காமல் இருக்க முடியாது.

ஆனால் என் தொழில் சோதனை. தொழிற்சாலையில் ஒரு போர்டு தேறியதா இல்லையா என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம், எண்ணைப் பார்ப்பதற்கு முன் கருவியைப் பார் என்பது. இந்தக் கருவி எதை அளக்கிறது? மாதத்தில் நான்கு மணி நேரம், வாசலில் வார்டர் நிற்கிறார், தன்னைப் பற்றி எழுதப்படுகிறது என்று எதிரே இருப்பவருக்குத் தெரியும். அந்த நான்கு மணி நேரத்தில் எனக்குத் தெரியவருவது மரியாதை மட்டும்தான். சிறையில் மரியாதை என்பது குணம் அல்ல, பிழைக்கும் வழி. அதை வைத்து மனத்தை அளந்தால் வெப்பமானியால் மின்னழுத்தம் பார்த்த கதைதான்.

மனிதர்களை இப்படி வரிசைப்படுத்துவது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. ஜார்ஜ் டவுன் உருவாகி சில ஆண்டுகளிலேயே இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலில் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். 1796இல் அந்தமான் குடியேற்றத்தைக் கைவிட்டபோது அங்கிருந்த கைதிகளும் இங்கே வந்து சேர்ந்தார்கள். சதுப்பை நிரப்பியதும் சாலை போட்டதும் அவர்கள். 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. இன்று அதன் முன் திருமணப் படம் எடுக்கிறோம். 1820களில் இந்தக் கைதிகளை நிர்வகிக்க வகுத்த சட்டதிட்டத்துக்குப் பெயரே 'பினாங்கு விதிகள்'. நீரிணைக் குடியேற்றங்களில் கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். நன்னடத்தை இருந்தால் மேல் வகுப்புக்கு ஏறலாம், சங்கிலி கழலும், வெளியே தங்கி வேலை பார்க்கலாம். சிலர் மற்றக் கைதிகளைக் காவல் காக்கும் இடத்துக்கே உயர்ந்தார்கள். சிங்கப்பூரில் அந்தச் சிறையை நடத்திய மெக்நேர் என்ற அதிகாரி 1899இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கைதிகளே தங்களுக்குக் காவலர்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். செங்கல் சூளை முதல் அச்சு வேலை வரை அங்கே கைதிகளுக்குத் தொழில் கற்றுத்தந்தார்கள். தொழில் கற்றவர் வகுப்பு ஏறுவார், வகுப்பு ஏறியவர் திருந்தியவர். என் படிவத்தின் ஐந்தாவது பத்திக்கு வயது இருநூறு ஆகப்போகிறது.

அதே 1818இல் இங்கே நடந்த ஒரு சந்திப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் எழுபதுக்கும் மேற்பட்ட கிளர்ச்சியாளர்களையும் 1802இல் கும்பினியார் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அந்தப் போரில் எதிர்த்தரப்பில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற படை அதிகாரிக்குப் போருக்கு முன்பே சின்ன மருதுவோடு பழக்கம் உண்டு. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று வெல்ஷே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பதினாறு ஆண்டு கழித்துப் பினாங்குக்கு வந்த வெல்ஷ் முன்னால் தளர்ந்துபோன ஒரு மனிதர் வந்து நின்றார். துரைசாமி. சிறுவனாகப் பார்த்தவனை வெல்ஷுக்கு அடையாளமே தெரியவில்லை. வயதுக்கு மீறிய கிழவனாகியிருந்தார்.

தனக்குக் கற்றுத்தந்தவரின் மகன் கைதியாக முன்னால் நிற்கிறான். அப்போது வெல்ஷ் கையில் என் படிவத்தைக் கொடுத்திருந்தால்? தாராளமாக 5 போட்டிருக்கலாம். எதிர்ப்பு இல்லை, குரல் உயர்வதில்லை, யாருக்கும் தொல்லை தரும் தெம்பு இல்லை. உடைந்துபோனவனையும் திருந்தியவனையும் அந்தப் பத்தியால் பிரிக்க முடியாது.

சிறைக்கல்விக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள்கூடப் பெரும்பாலும் இந்தப் பத்தியின் மொழியில்தான் பேசுகிறார்கள். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆய்வு எல்லாக் கூட்டத்திலும் மேற்கோளாகும்: சிறைக்குள் கல்வி பெற்றவர்கள் மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் சாத்தியம் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவு. உபயோகமான எண்தான். 1994இல் அந்த நாடு கைதிகளுக்கான கல்லூரி உதவித்தொகையை வெட்டியது. அது முழுமையாகத் திரும்பி வர 2023 ஆனது. அந்த வாதத்தில் இப்படிப்பட்ட எண்கள் இல்லாமல் யாரையும் அசைத்திருக்க முடியாது. அரசியல்வாதியிடம் பேசும்போது நானும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த எண் நாளைக்குப் பூஜ்யம் என்று தெரிந்தால்? வாசிக்கத் தெரிந்த திருடனும் வாசிக்கத் தெரியாத திருடனும் ஒரே அளவில்தான் திரும்பி வருகிறார்கள் என்று ஒரு புதிய ஆய்வு சொன்னால், சனிக்கிழமை வகுப்பை மூடிவிடலாமா? மூடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியென்றால் அந்த எண் நல்ல துணை, ஆனால் அஸ்திவாரம் அல்ல.

படிப்புக்கு விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நாடுகள் இருக்கின்றன. பிரேசிலில் ஒரு கைதி ஒரு புத்தகம் வாசித்து அதைப் பற்றி எழுதினால் தண்டனையில் 4 நாள் கழியும், வருடத்துக்கு 12 புத்தகம், ஆக 48 நாள். எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கும். வாசிப்பவர்களுக்கு ஒரு சலுகை கிடைப்பதில் யாருக்கு நஷ்டம்? ருமேனியாவில் இதையே கொஞ்சம் பெரிதாகச் செய்தார்கள். சிறையில் ஓர் ஆய்வு நூல் எழுதி வெளியிட்டால் 30 நாள் குறையும். ஊழலில் சிக்கிய அரசியல்வாதிகளும் பணக்காரர்களும் திடீரென்று அறிஞர்கள் ஆனார்கள். புத்தகம் புத்தகமாக வந்து குவிந்தது, வேறு யாரோ எழுதித்தருகிறார்கள் என்ற புகாரும் கூடவே வந்தது. 2016இல் நிறுத்திவிட்டார்கள். இதில் எனக்கு உறுத்துவது பணக்காரர்களின் தந்திரம் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். அதே சிறையில் உண்மையாகவே ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த ஒருவன் இருந்திருப்பான். அவன் புத்தகமும் அந்தக் குவியலில்தான் கிடந்திருக்கும்.

நம் இலக்கிய மனத்துக்கும் இங்கே ஒரு கோணல் உண்டு. சிறையில் படித்தவர் என்றதும் நமக்கு வ.உ.சி. ஞாபகம் வருவார், ஜேம்ஸ் ஆலனை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கியவர். கிராம்ஷி வருவார்; 1926இல் உஸ்திகா தீவுக்கு அனுப்பப்பட்டதும் கூட இருந்தவர்களுக்காகப் பள்ளி தொடங்கியவர். மண்டேலா வருவார். எல்லோரும் அரசியல் கைதிகள். அவர்கள் திருந்தினார்களா என்று நாம் கேட்பதில்லை, கேட்டால் அசிங்கம். ஏனென்றால் அவர்கள் தவறு செய்ததாக நாம் நினைப்பதில்லை. ஆக, குற்றமற்றவர் படித்தால் அது அறிவு; குற்றவாளி படித்தால் அது மருந்து. மருந்து என்றால் வேலை செய்ததா என்று கேட்கத்தான் செய்வோம்.

பேரறிவாளனின் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1991இல் கைதானபோது வயது 19, கையில் மின்னணுத் துறை டிப்ளோமா. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் மரண தண்டனை. அது 2014இல்தான் ஆயுளாகக் குறைந்தது. இடையில், தூக்குக்கயிறு தலைக்கு மேல் இருக்கும்போதே, 2012இல் பிளஸ் டூ எழுதி 1200க்கு 1096 வாங்கினார். கணினிப் பயன்பாட்டில் இளங்கலை, முதுகலையும் உண்டு. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது கூறிய காரணங்களில் நீண்ட சிறைவாசம், நன்னடத்தை, உடல்நலம், ஆளுநரிடம் தேங்கிக் கிடந்த மனு ஆகியவற்றோடு சிறையில் பெற்ற கல்வித் தகுதியும் இருந்தது. அன்று எனக்குச் சந்தோஷம்தான், சந்தேகமில்லை. ஆனால் பொறியாளன் புத்தி, உடனே எதிர்ச்சோதனை போட்டுப் பார்த்தது. அவர் 1096க்குப் பதில் 496 வாங்கியிருந்தால்? புத்தகத்தைத் தொடவே முடியாத அளவுக்கு மனம் சோர்ந்து, முப்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால்? அந்த மனிதரின் சிறைவாசம் எந்த வகையில் நீளம் குறைந்தது? இன்னும் ஒன்று. 2012இல் அவர் பரீட்சை எழுதியபோது அது என்றைக்காவது தீர்ப்பில் ஒரு வரியாகும் என்று அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தூக்குக்குக் காத்திருப்பவன் வணிகவியல் படிக்கிறான். அதற்கு எதிர்காலத்திலிருந்து காரணம் தேட முடியாது.

நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். ஈப்போவைச் சேர்ந்த பன்னீர்செல்வம் பரந்தாமன், 2014இல் சிங்கப்பூரில் பிடிபட்டு 2017இல் மரண தண்டனை பெற்றவர். சாங்கியில் உட்கார்ந்து கவிதையும் பாட்டும் எழுதினார். அவர் எழுதிய பாட்டை இங்கே பாடகர்கள் பாடினார்கள். அவர் போதைப்பொருளைக் கொண்டுபோனவர் மட்டுமே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் புலனாய்வுக்குப் போதுமான உதவி செய்தார் என்று அரசுத் தரப்பு தரவேண்டிய சான்றிதழ் அவருக்குக் கிடைக்கவில்லை. 2025 அக்டோபர் 8 அன்று தூக்கிலிட்டார்கள். ஒரு சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்பதில் உயிர் தொங்கும் ஏற்பாட்டைப் பார்த்த பிறகு, எந்தப் படிவத்திலும் வட்டமிடும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது. அவர் எழுதியது சமூகத்துக்கு எத்தனை சதவீதம் லாபம் என்று யாராவது கணக்குப் போட முடியுமா?

மலேசியாவில் 2023இல் கட்டாய மரண தண்டனை போனது, சாகும்வரை சிறை என்பதும் போனது. மறுபரிசீலனையில் பலருக்கு 30 முதல் 40 ஆண்டு என்று தண்டனை மாறியது. அதாவது நேற்றுவரை எதிர்காலமே இல்லாதவர்களுக்கு இன்று அறுபது வயதில், எழுபது வயதில் ஒரு தேதி இருக்கிறது. மறுகுற்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர்களுக்குச் செலவழிப்பது வீண். எழுபது வயதில் வெளியே வருபவர் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும் வழிப்பறிக்குப் போகமாட்டார்.

வகுப்பில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது நாற்பத்தைந்துக்கு மேல், லோரியில் கெலிண்டானாக இருந்தவர். என்னைத் 'தம்பி சார்' என்பார். தம்பி என்றால் மரியாதைக் குறைவு, சார் என்றால் அவருக்கு வாய் வரவில்லை. மலாய் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது. எட்டு மாதத்தில் பிடித்துக்கொண்டார். முதலில் பழைய பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம், பிறகு மருந்து அட்டை. பிறகு ஒரு நாள் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த ஒரு தாளைக் கொண்டுவந்தார். அவருடைய குற்றச்சாட்டு.

வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம், பிரிவு 39ஏ, உட்பிரிவு 2. குறைந்தது 5 ஆண்டு சிறை, குறைந்தது 10 ரோத்தான். அந்த ரோத்தான் அவர் முதுகுக்குக் கீழே ஏற்கனவே விழுந்து ஆறியிருந்தது; எழுத்தாக அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"பொருள் என்கிட்டத்தான் இருந்துச்சு தம்பி சார். அத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எதுக்கு மங்காக்கு சாலா சொன்னேன்னு எனக்கே தெரியாது. மொழிபெயர்க்கிறவரு என்னமோ வேகமா சொன்னாரு, நான் தலையாட்டுனேன். சைன் வைன்னாங்க, வச்சேன். இவ்ளோ எழுதியிருக்கு, பாருங்க."

அதற்குப் பிறகு அவர் மாறினார். ஆனால் படிவம் எதிர்பார்க்கும் திசையில் இல்லை. முன்பு எல்லாவற்றுக்கும் "பாய்க் துவான்" என்று தலையசைத்தவர் இப்போது ஏன் என்று கேட்க ஆரம்பித்தார். கையெழுத்து வைக்கச் சொன்னால், வாசித்துவிட்டு வைக்கிறேன் என்றார். இரண்டு வகுப்பு முழுக்க யாரோடும் பேசவில்லை. கோபம் என்றால் சத்தம் போடும் கோபம் இல்லை. பென்சிலை அழுத்தி எழுதியதில் நோட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கமும் பதிந்திருந்தது. வருகையில் முழு மதிப்பெண். வாசிப்பில் முழு மதிப்பெண். ஐந்தாவது பத்தியில்? அவர் என் வகுப்பின் மிகச் சிறந்த வெற்றி, அந்தப் பத்தியின்படி மிகப் பெரிய தோல்வி.

தண்டனை என்பது சமூகம் குற்றவாளியிடம் பேசும் ஒரு பேச்சு என்று ஆன்டனி டஃப் என்ற தத்துவவாதி சொல்கிறார். நீ செய்தது தவறு, ஏன் தவறு என்று அவனுக்குச் சொல்வது; அவனிடமிருந்து பதிலை எதிர்பார்ப்பது. முழுக்க ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ரோத்தான் எந்த மொழியில் பேசுகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு பாதி உண்மை அதில் இருக்கிறது. பேச்சு என்றால் கேட்பவனுக்கு அது விளங்க வேண்டும். விளங்காத மொழியில் ஐந்து வருடத்தைக் கொடுத்துவிட்டு, அவன் திருந்தினானா என்று கேட்பது, கடிதத்தை உறையோடு எரித்துவிட்டுப் பதில் வரவில்லையே என்று குறைப்படுவது மாதிரி. அந்த மனிதர் தன் தாளை வாசித்து முடித்தபோதுதான் தண்டனையே அவரிடம் வந்து சேர்ந்தது. அவர் கோபம் அதற்கு முதல் பதில். பிடித்த பதில் இல்லைதான். ஆனால் "பாய்க் துவான்" பதிலே இல்லை.

கைதிகள் பற்றிய ஐ.நா.வின் மண்டேலா விதிகளில், 4ஆம் விதி மறுகுற்றத்தைக் குறைப்பது பற்றிப் பேசுகிறது. 104ஆம் விதி எழுத்தறிவில்லாதவர்களின் கல்வி கட்டாயம், நிர்வாகம் அதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. அந்த இடத்தில் 'அவர்கள் திருந்துவதற்காக' என்று ஒரு வால் ஒட்டியிருக்கவில்லை. எனக்கு அது போதும்.

இதையெல்லாம் என் சித்தியிடம் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் போய்த் திரும்பும்போது மோட்டாரில் வந்த இரண்டு பேர் அவர் கைப்பையை இழுத்ததில் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இன்றுவரை அந்தக் கையால் சட்டியைத் தூக்க மாட்டார்.

"என் பிள்ளைக்கு டியூசன் மாசம் முன்னூறு வெள்ளி. அவனுக்கு எல்லாம் ஃப்ரீ. நீ வேற லீவு நாள்ல பெட்ரோல் போட்டுப் போய்ச் சொல்லிக்குடுக்கிற. அவன் என் கைய ஒடச்சான், அவனுக்கு நீ பென்சில் சீவிக் குடுக்கிற. நல்லா இருக்குடா உங்க நியாயம்."

இதற்கு நான் பதில் சொல்லப் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். டியூஷன் காசுக்கும் சிறை வகுப்புக்கும் சம்பந்தமில்லை, அங்கே நிறுத்தினால் இங்கே குறையாது. அது சுலபமான பாதி. மற்ற பாதியில் சித்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் கையை உடைத்தவனை மன்னிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. அதனால்தான் நான் மன்னிக்கவில்லை, கழித்தல் சொல்லித்தருகிறேன். இரண்டும் வேறு. அந்த ஐந்தாவது பத்திதான் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. நான் 5 போட்டால், இவன் இப்போது நல்லவன் என்று சித்தியின் மணிக்கட்டைக் கேட்காமலே சொன்னதாகிறது. 1 போட்டால், மாதத்தில் நான்கு மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு மனிதனின் உள்ளே ஒன்றுமில்லை என்று சொன்னதாகிறது. முதலாவது சித்திக்கு அநியாயம், இரண்டாவது அவனுக்கு.

சித்தி முழுக்கக் கேட்டார். "அவனுக்கு எழுதத் தெரிஞ்சா எனக்கு ஒரு கடுதாசி எழுதச் சொல்லு" என்றார். கிண்டலா, நிஜமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. அவரை விழவைத்தவர்கள் பிடிபடவே இல்லை.

இப்போது நான் அந்தப் பத்தியில் எண்ணை வட்டமிடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் இடத்தில் எழுதுகிறேன்: 'பின்னங்களைக் கூட்டுகிறார்.' 'பத்திரிகைச் செய்தியைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்கிறார்.' 'தன் வழக்கு ஆவணத்தைத் தானே வாசிக்கிறார், கேள்வி கேட்கிறார்.' ஒருங்கிணைப்பாளர் இரண்டு முறை போன் செய்தார். காசு கொடுக்கிறவங்க எண்ணைத்தான் பார்ப்பாங்க, நீங்க எழுதறத யாரு வாசிக்கிறது என்றார். நல்ல மனிதர், அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. எண் இல்லாத படிவங்களை இப்போதைக்கு வாங்கி வைத்துக்கொள்கிறார். வேறு ஆசிரியர் வேண்டும் என்று ஒருநாள் முடிவெடுத்தால் அதற்கும் அவருக்குக் காரணம் இருக்கும்.

போன வகுப்பில் விகிதம் நடத்தினேன். முழு எண்ணில் மூன்றில் ஒரு பங்கை எடுப்பது. பாடப்புத்தகத்தில் இருந்தது ஆரஞ்சுப் பழக் கணக்கு. கெலிண்டான் அண்ணன் ஆரஞ்சைத் தள்ளிவைத்துவிட்டு, நன்னடத்தைக் கழிவு மூன்றில் ஒரு பங்குதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு ஏழு வருடம். 84 மாதம் என்று எழுதினார். மூன்றால் வகுத்தார், 28. கழித்தார், 56. நான்கு வருடம் எட்டு மாதம். கைதான தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணி ஒரு மாதத்தின் பெயரைத் தாளின் ஓரத்தில் எழுதினார். அலுவலகத்தில் சொல்லியிருந்த தேதியை எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

"சரியாத்தான் போட்டிருக்கானுங்க" என்றார். பிறகு ஆரஞ்சுக் கணக்கை எடுத்துக்கொண்டார்.